சாமியைக் கொஞ்சம் உட்காரச் சொன்னவள்

பாஞ்சாலிக்குச் சாமி வரும். ஒக்கலிபுரத்தில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை, பம்பைக்காரர் தட்ட ஆரம்பித்தாரோ இல்லையோ, அவளுக்குக் கணுக்காலில் ஒரு நடுக்கம் பிடிக்கும். அது முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, தலைக்கு வந்து சேரும்போது அவள் பாஞ்சாலியாக இருக்கமாட்டாள். அதற்கப்புறம் எதிரில் யார் நின்றாலும் கைகட்டித்தான் நிற்கவேண்டும். கார்ப்பரேஷன்காரராக இருந்தால் என்ன, கட்சிக்காரராக இருந்தால் என்ன.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அவள் முன்னால் யாரும் கைகட்டி நின்றது கிடையாது. ரயிலில் ஏசி பெட்டிக்காரர்களுக்கு வெள்ளை விரிப்பும் கம்பளியும் கொடுக்கிறார்களே, அதையெல்லாம் வெளுத்து மடிக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. அங்கே மெஷின்கள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் தெருமுனை மளிகைக்கடைக்காரர் பதில் சொல்வார்.

அவள் அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். பாஞ்சாலி பிறந்தது, எட்டாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இதே தெருவில்தான். அதனால் அவளுக்குச் சண்டைக்குக் கன்னடம், சாமிக்குத் தமிழ். புருஷன் உத்தமன் ஆட்டோ ஓட்டுகிறவன். சண்டை என்றால் ஒரு தெரு சுற்றிப் போகிற சாது. "நம்ம வீட்டுக்கும் சேத்து அவளே பேசிடறா, நான் வேற எதுக்கு?" என்பான். ஒரே மகள் இளவேனில். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். தெருவிலேயே கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் போன முதல் பெண் அவள்தான் என்பதில் பாஞ்சாலிக்கு உள்ளூர ஒரு திமிர் உண்டு. வெளியூரவும் உண்டு என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி சொல்வாள்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் இந்த வருஷத்துச் சங்கதி விளங்கும்.

அந்தத் தெருவின் பின்னால் மழைத்தண்ணீர் போகிற பெரிய கால்வாய் ஒன்று ஓடுகிறது. மழைத்தண்ணீர் என்பது பெயருக்குத்தான். ஊர்ச் சாக்கடை மொத்தமும் அதில்தான். அடைத்துக்கொண்டால் நேராக வீட்டுக்குள் வரும். எத்தனை தடவை கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடந்தாலும் "ஆயித்தம்மா, நோடோணா", சரி பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். சரி, மனுஷர் சொல்லித்தானே கேட்கவில்லை, சாமி சொல்லட்டும் என்று கோவில் கமிட்டித் தலைவர் அப்பாதுரை ஒரு யோசனை செய்தார். கூழ் வார்க்கிற அன்று வார்டு இன்ஜினியரை விசேஷ விருந்தாளியாகக் கூப்பிட்டார். சாமி வந்தது. இன்ஜினியரின் சட்டையைப் பிடித்து, "என் பிள்ளைங்க சாக்கடையில படுக்கறாங்க, நீ மெத்தையில படுக்கறியாடா?" என்று கேட்டது. மனுஷர் வெலவெலத்துப்போய்த் தடாலென்று காலில் விழுந்தார். தப்பாயித்து தாயி, க்ஷமிசு தாயி, மன்னித்துவிடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆத்தாவே கேட்டுவிட்டாள், இனி என்ன?

இனி என்னவா? அடுத்த மழைக்கே பாஞ்சாலியின் கட்டிலுக்கடியில் செருப்பு மிதந்தது. அவள் சேற்றுக் காலோடு அதே இன்ஜினியரைப் பார்க்கப் போனாள். அவர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தி, கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னார்: "அதுக்குத்தான் அன்னைக்கே சாமிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சேம்மா. அபிஷேகத்துக்கும் குடுத்தாச்சு. இன்னும் என்ன?"

எதிரில் இருக்கிற ஆளுக்கு உண்மையிலேயே மனசில் பாரம் எதுவும் இல்லை என்று பாஞ்சாலிக்குத் தெரிந்தது. ஆத்தாளிடம் சொல்லி இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். இவள் வந்து மறுபடி தோளில் ஏற்றப் பார்க்கிறாளே என்றுதான் அவருக்கு வருத்தம்.

அது போன வருஷம். இந்த வருஷம் சாக்கடையோடு நிற்கவில்லை.

தெருவிலிருந்து மெட்ரோவுக்குப் போக ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. ஜனங்கள் அதைப் பொந்து என்பார்கள். அதில் விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. பல்பு மாட்டுவது ரயில்வே என்று கார்ப்பரேஷன் சொல்லும். கார்ப்பரேஷன் என்று ரயில்வே சொல்லும். ஆனியில் ஒரு சாயங்காலம் இளவேனில் வேலை முடிந்து அந்த வழியாக வந்தபோது பின்னாலிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். கையிலிருந்த போனைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. அம்மாவின் மகள்தானே. கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் தள்ளிவிட்டுப் போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

மாவுக்கட்டு போட்ட கையோடு மறுநாளே அம்மாவும் மகளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பொந்துக்கு இரண்டு வாய். அந்தப் பக்கத்து வாய் ஒரு ஸ்டேஷனுக்கு, இந்தப் பக்கத்து வாய் இன்னொரு ஸ்டேஷனுக்கு. அந்தப் பக்கத்தில் போனால், "நம்ம லிமிட்ஸ் அல்லம்மா இது, அந்தப் பக்கம் போ" என்றார்கள். இந்தப் பக்கம் வந்தால் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் இருந்தார். பாதி சர்வீஸைத் தமிழர் தெருக்களிலேயே கழித்தவர், தமிழ் நன்றாக வரும். தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எந்த எடத்துல பறிச்சாங்க?"

"நடுவுல சார்," என்றாள் இளவேனில்.

"நடுவுலன்னா மேல தண்டவாளம். அது ரயில்வே போலீசு."

"சார், எந்த ஸ்டேஷனா இருந்தாலும் கம்ப்ளைன்ட் வாங்கி எஃப்ஐஆர் போடணும்னு சட்டம் இருக்கு. அப்புறம் நீங்களே மாத்திக்கலாம்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். படித்த பெண் என்று தெரிந்ததும் குரலில் சர்க்கரை ஏறியது. "நோடம்மா, எதுக்குச் சும்னே கேஸு, கோர்ட்டுன்னு அலையறே? கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. போன் தொலைஞ்சுபோச்சுன்னு ஆன்லைன்ல போட்டுடு, ரெண்டு நிமிஷ வேலை. கையி? வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோ, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ."

"அவ விழல சார், தள்ளினாங்க," என்றாள் பாஞ்சாலி. வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளே திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் போடாதம்மா. சிஸ்டம் வேற டவுன். நாளே பன்னி."

ஒரு காலத்தில் இந்த ஊரில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதிவைத்திருந்தார்களாம். நாளைக்கு வா என்று அர்த்தம். கதவைத் தட்ட வருகிற பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வருவோம் என்று திரும்பிவிடுமாம். தினமும் வரும், தினமும் திரும்பும். பேயை ஏமாற்ற எழுதிவைத்த வார்த்தையை இப்போது மனுஷர்களிடம் சொல்லி அனுப்புகிறார்கள். பாஞ்சாலியும் அந்தப் பேய் மாதிரி மறுநாள் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். சலவைக்கூடத்தில் லீவு போட்டுப் போட்டுச் சூப்பர்வைசர் முறைத்ததுதான் மிச்சம்.

இதிலெல்லாம் அவள் துவண்டுவிடவில்லை. அலைவது ஒன்றும் அவளுக்குப் புதிதல்ல. ஒருநாள் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இளவேனில் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது.

"நான்தான்மா பாத்து வந்திருக்கணும். போனைக் கையில வெச்சிருந்தது என் தப்பு. தொலைஞ்சதுன்னே போட்டுடலாம். விழுந்துட்டேன்னு சொன்னா இன்னா இப்ப? வேலையையும் விட்டுடறேன். அந்த வழியா இனிமே என்னால போக முடியாது."

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்த பெண். அவர்கள் போனை மட்டுமா பறித்தார்கள்? செய்தவன் எங்கேயோ பைக்கில் சுற்றுகிறான், கேட்கவேண்டியவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான், அடிபட்ட பிள்ளை தப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பறித்தார்கள், தள்ளினார்கள். இந்த இரண்டையும் அரசாங்கத்துக் காகிதத்தில் எழுதி வாங்கி மகள் கையில் கொடுக்காமல் விடுவதில்லை என்று பாஞ்சாலி அன்றைக்கு முடிவு செய்தாள்.

ஆடி பிறந்தது. அப்பாதுரை வீட்டுக்கு வந்து, ரொம்பச் சாமர்த்தியம் செய்துவிட்டவர் போலச் சிரித்தார்.

"பாஞ்சாலி, கவலைய விடு. இந்தத் தபா இன்ஸ்பெக்டரைக் கூப்ட்டிருக்கேன். வரேன்னுட்டாரு. இன்ஜினியரும் வராரு. நீ பேசினா அவங்களுக்குக் கோவம் வரும். ஆத்தா பேசினா யாரு கோச்சுக்க முடியும்? நல்லா நாலு வார்த்தை கேட்டு விட்டுரு."

"சாமி வரதும் பேசறதும் என் கையிலயா இருக்குது அண்ணே?"

"வரும் வரும். உனக்கு வராம யாருக்கு வரும்?"

தெரு முழுக்க அதே பேச்சுதான். ஆத்தா கேட்கப்போகிறாள், இன்ஸ்பெக்டர் கதி அதோகதி என்று சின்னத்தாயி காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டே விளம்பரம் செய்தாள். பாஞ்சாலியும் நம்பினாள். நம்பாமல் என்ன? கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். விரதம் இருந்தாள். இளவேனில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. கோவில் வாசலில் பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் நறுக்கிய வெங்காயம், மோர் மிளகாய். மைக்செட்டில் அப்பாதுரை தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் புடவையில், அவிழ்த்துவிட்ட தலையோடு, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டப் பாஞ்சாலி கோவில் சுவரோரம் நின்றாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் இல்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம்.

பக்கத்தில் இன்ஜினியர் சிரித்தபடி சொன்னது அவள் காதில் விழுந்தது. "பயப்படாதீங்க சார். போன வருஷம் எனக்கு. சட்டையை மட்டும் கெட்டியா பிடிக்கும். தப்பாயித்துன்னு சொல்லிட்டா விட்டுடும். அப்புறம் ஒரு வருஷத்துக்குத் தொந்தரவு இல்லை."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "ஆய்து ஆய்து, தெரியும். பழைய சட்டைதான் போட்டிருக்கேன்."

அட பாவிகளா!

பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் ஊற்றிய தண்ணீர் ஒரு நொடியில் காய்ந்துபோன மாதிரி இருந்தது. அவளுக்கு இப்போது விளங்கியது. இவர்கள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். திட்டு வாங்குவதற்கென்றே வந்திருக்கிறார்கள். ஆத்தாள் கேட்டால் ஆத்தாளுக்குப் பதில் சொல்லிவிட்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கணக்கு முடிந்தது என்று ஜீப்பில் ஏறிவிடலாம். பாஞ்சாலிக்குப் பதில் சொல்லவேண்டாம். இளவேனிலுக்குப் பதில் சொல்லவேண்டாம்.

பம்பை முழங்கியது. உடுக்கை சேர்ந்தது. ஜனங்கள் வட்டமாக விலகி இடம் விட்டார்கள். இன்ஸ்பெக்டரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார் அப்பாதுரை. பாஞ்சாலிக்குக் கணுக்காலில் அந்த நடுக்கம் வந்தது. வழக்கம்போல, தவறாமல் வந்தது. முழங்காலுக்கு ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். இடுப்புக்கு ஏறியது.

அவள் கோவில் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். கண்ணை மூடி, இத்தனை வருஷத்தில் ஆத்தாளிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"தாயே, நீ செத்த உக்காரு. இத நான் பேசிக்கறேன்."

பம்பைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து இன்னும் பலமாக அடித்தார். அப்பாதுரை கற்பூரத் தட்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். நடுக்கம் இடுப்பிலேயே நின்றது. பிறகு மெதுவாக, வந்த வழியே இறங்கியது. பாஞ்சாலி கண்ணைத் திறந்தாள். கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைப் படியில் பத்திரமாக வைத்தாள். ஈரத்தலையைப் பிழிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பி ஆரம்பித்துவிட்டார். "தப்பாயித்து தாயி. க்ஷமிசு தாயி."

"இன்னா தப்பு சார்?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

பம்பை பட்டென்று நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "எல்லாந்தான் தாயி."

"எல்லாம்னா? இன்ன தப்பு பண்ணேன்னு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

இன்ஸ்பெக்டர் உதட்டைக் குவித்து அப்பாதுரையைப் பார்த்தார்.

"கைய எறக்குங்க சார். ஆத்தா உள்ள உக்காந்துட்டிருக்கா. இது நான். பாஞ்சாலி. இளவேனிலோட அம்மா. உங்க ஸ்டேஷன் பெஞ்சுல நாள் கணக்கா உக்காந்துட்டுப் போனேனே, அந்தப் பொம்பள." இதையே கன்னடத்திலும் ஒருதரம் சொன்னாள், பிறகு புரியவில்லை என்று சொல்லிவிடக்கூடாது என்று.

கூப்பிய கை இறங்கியது. அந்தக் கையோடு முகமும் மாறியது. கோவிலுக்கு வந்த பக்தர் போய், நாற்காலியில் சாய்கிற மனுஷர் வந்து நின்றார். "ஏனம்மா இது, நாடகமா? விருந்தாளியாக் கூப்ட்டு அவமானம் பண்றீங்களா?"

அப்பாதுரைக்கு உயிரே போய்விட்டது. நடுவில் ஓடிவந்து விழுந்தார். "சார், சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது சாமிதான் சார் பேசுது. ஆத்தா உக்கிரமா இருக்கா. பாஞ்சாலி இல்ல சார்."

தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவைத்தார் மனுஷர். அவள் ஒரு தரம் உடம்பை உலுக்கி நாக்கைத் துருத்தியிருந்தால் போதும், எல்லாரும் பழையபடி கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். உத்தமன் கூட்டத்தில் நின்று கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினான்.

"கோயில்ல பொய் சொல்லாதீங்க அண்ணே," என்றாள் பாஞ்சாலி. "சாமி இல்ல. நான்தான் பேசறேன். கேஸ் போடறதா இருந்தா என் பேர்ல போடட்டும்." பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "என் பொண்ணு கையில இருந்து போனைப் பறிச்சாங்க, அவளைத் தள்ளிக் கைய ஒடைச்சாங்க. தொலைஞ்சுபோச்சு, வழுக்கி விழுந்தேன்னு எழுதச் சொன்னீங்க. ஏன் சார்? உங்க லிமிட்ஸ்ல திருட்டே இல்லன்னு மேல காட்டணுமா?"

"கழுத்துல இருந்து எப்படிய்யா தொலையும்?"

அது சின்னத்தாயி. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிறவள் தன் வீட்டு விஷயத்தை மட்டும் மென்று விழுங்கிவைத்திருந்தாள். "என் தாலிச் செயினும் அந்தப் பொந்துலதான் போச்சு. தை மாசம். என்னையும் தொலைஞ்சதுன்னுதான் எழுதவெச்சாங்க. நகம் கீறின தழும்பு இன்னும் கீது, பாரு." முந்தானையை இறக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

பின்னால் ஒரு குரல், தன் பையைப் பறித்தார்கள் என்றது. இன்னொரு பெண் தன்னை அங்கே ஒருவன் சுவரோடு வைத்து அழுத்தினான் என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அதை அவள் புருஷனிடம்கூட அதுவரை சொன்னதில்லை. கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கலவரத்தில் இன்ஜினியர் எப்போது நழுவினார் என்று யாருக்கும் தெரியாது. போகிற அவசரத்தில் பம்பைக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

மஞ்சுநாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது கோயில். இங்க பேசற விஷயமா இது? பேசணும்னா ஸ்டேஷனுக்கு வா."

"எந்த ஸ்டேஷனுக்கு சார்?" என்றாள் பாஞ்சாலி. "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, இல்ல தண்டவாளத்து மேலயா?"

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் ஸ்டேஷனுக்கு வாம்மா! என்னோட ஸ்டேஷனுக்கு!"

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? சார் ஸ்டேஷனுக்குத்தானாம். அவரு வாயாலயே சொல்லிட்டாரு. வாங்க, போலாம்."

இளவேனிலை வீட்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தாள். மஞ்சள் புடவைகள் முன்னால் போயின, பம்பைக்காரர் வெறுங்காலோடு பின்னால் வந்தார். கூட்டம் நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். ஆனால் பாஞ்சாலி எல்லாரையும் முதலில் பொந்துக்குள் அழைத்துப்போனாள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. இளவேனில் வாயிலேயே நின்றுவிட்டாள். மாட்டேன் என்று தலையாட்டினாள். பாஞ்சாலி அவளை இழுக்கவில்லை. "நாங்க எல்லாரும் கூட இருக்கோம் கண்ணு. எந்த எடம்னு மட்டும் காட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெண் ஒரு அடி எடுத்துவைத்தாள். அப்புறம் இன்னொன்று. சுவரில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். சின்னத்தாயி அங்கே காறித் துப்பினாள்.

ஸ்டேஷனில், நினைத்தபடியே, சிஸ்டம் டவுன். நாளே பன்னி என்றார் ரைட்டர். இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து, இது எல்லைத் தகராறு, மேலிடத்தில் கேட்கவேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தார்.

"எங்க ஆத்தாவுக்கும் எல்லை இருக்குது சார்," என்றாள் பாஞ்சாலி. "பொந்துக்கு அந்தாண்ட போய்த்தான் எலுமிச்சம்பழம் வெட்டி எல்லை கட்டுவோம். நடுவுல எவன் அழுதாலும் எனக்கில்லன்னு அவ சொன்னதில்ல. சிஸ்டம் வரட்டும். நாங்க இருக்கோம்."

தரையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் கான்ஸ்டபிள் எழுப்ப வந்தாள், அவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பைப் பார்த்துவிட்டுத் தொடாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உத்தமன். சண்டை என்றால் ஒரு தெரு சுற்றிப் போகிற அந்த உத்தமன்தான். பின்சீட்டில் ஒரு கூழ் அண்டா, டம்ளர்கள், வெங்காயத் தட்டு.

"சாப்டாம எத்தினி நேரம் உக்காருவ?" என்றான். பெண்டாட்டியிடம்தான் சொன்னான், ஆனால் இன்ஸ்பெக்டர் காதில் விழுகிற மாதிரி சொன்னான்.

கூழ் எல்லாருக்கும் போனது. கான்ஸ்டபிள்களுக்கும் போனது. அவர்களும் காலையிலிருந்து பந்தோபஸ்தில் நின்றவர்கள், பசித்த வயிறு, வாங்கிக் குடித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் உள்ளே உட்கார்ந்து போனில் யாரிடமோ சார் சார் என்று பேசிக்கொண்டிருந்தார். கோவில் வாசலில் எடுத்த வீடியோ அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. "எல்லாம்னா? இன்ன தப்பு பண்ணேன்னு ஒண்ணு சொல்லுங்க" என்கிற இடத்தை மட்டும் வெட்டி ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் தாழ்கிற நேரத்தில், ஆச்சரியம், சிஸ்டத்துக்கு உயிர் வந்தது.

ரைட்டர் தட்டச்சு செய்யச் செய்ய இளவேனில் பக்கத்தில் நின்று படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். "கை தவறின்னு போட்டிருக்கீங்க சார். கை தவறல. பறிச்சாங்க. தள்ளினாங்க. அப்படியே போடுங்க." அவள் குரல் உயர்ந்துதான் இருந்தது. அம்மாவின் குரல்தான் அது என்று அன்றைக்குத்தான் எல்லாரும் கவனித்தார்கள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கிக்கொண்டாள். சின்னத்தாயி அடுத்து வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "தாலிச் செயினு. எழுதிக்கோப்பா," என்றாள்.

பொந்தில் இன்னும் விளக்கு வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அப்பாதுரையும் சும்மா இல்லை, சாமியை நிறுத்திவைத்த பொம்பளைக்கு இனிமேல் சாமி வராது என்று ஸ்டேஷன் வாசலிலேயே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலி அதைக் கேட்டபடிதான் படியிறங்கினாள். காகிதம் மகள் கையில் இருந்தது. பம்பைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் புரிந்தது. தோளில் பம்பையைச் சரிசெய்துகொண்டு மெல்லத் தட்டினார்.

"வேலை முடிஞ்சிடுச்சு தாயே," என்றாள் பாஞ்சாலி. "நீ வா இப்ப."

கணுக்காலில் அந்த நடுக்கம் வந்தது. இந்தத் தடவை அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முடிச்சு அவிழ்ந்து தலைமுடி தோளில் விழுந்தது. பெண்கள் குலவை போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே வெளியே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத்தும் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாக முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடிக் கைகூப்பினார். "தப்பாயித்து தாயி" என்றார். இந்தத் தடவை குரல் நிஜமாகவே நடுங்கியது.

சாமி அவரைத் தாண்டிப் போனது. திட்டவில்லை. சட்டையைப் பிடிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இளவேனிலிடம் போய், மாவுக்கட்டின் மேல் விபூதியைப் பூசி, அவள் கையிலிருந்த காகிதத்தின் மேலும் கொஞ்சம் பூசியது. இன்ஸ்பெக்டர் கைகூப்பியபடியே படியில் நின்றுகொண்டிருந்தார். ஆத்தாள் ஜனங்களோடு தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.